வயசு தெரியாத சிவப்பு

பள்ளிக்கூடப் புத்தகத்துல பீம்பேட்காவுக்கு எவ்வளவு இடம் கொடுத்தாங்கன்னு ஞாபகம் இருக்கா? ஒரு படம், கீழே ஒரு வாக்கியம். ஆதி மனிதர்கள் பாறைகளில் ஓவியம் வரைந்தார்கள். கோடிட்ட இடத்தை நிரப்பினா ஒரு மார்க். அடுத்த பாடம். அந்த ஒரு மார்க்குக்குள்ள கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், ஜியாலஜி, கொஞ்சம் கோடிங் எல்லாம் இருக்கு. இன்னைக்கு அதைப் பத்தித்தான் பேசப்போறேன்.

போபாலுக்குத் தெற்கே சுமார் 45 கிலோமீட்டர், விந்திய மலை. 1957-ல வாகன்கர்ங்கிற தொல்லியல் அறிஞர் ரயில்ல போகும்போது ஜன்னல் வழியா இந்தப் பாறைகளைப் பார்த்துட்டுத் தேடிப் போனார். 700-க்கும் மேற்பட்ட பாறை வாழிடங்கள். முழுக்குகைன்னு நினைச்சுக்காதீங்க, மழைக்கு ஒதுங்கலாம்ங்கிற மாதிரி முன்னால துருத்திக்கிட்டு நிக்கிற பாறைகள்தான் நிறைய. 2003-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தாங்க.

எங்க அப்பார்ட்மென்ட்ல சனிக்கிழமை சாயந்திரம் ஏழெட்டுப் பசங்களோட உட்காருவேன். பீம்பேட்கா படங்களைக் காட்டினதும் முதல் கேள்வி, "இந்த சிவப்பு ஏன் இன்னும் அழியலை?" நல்ல கேள்வி. அது செங்காவி. மார்கழிக் கோலத்தைச் சுத்தி நம்ம வீட்ல அடிக்கிற அதே காவி. இரும்பு ஆக்சைடு, அதாவது துருவோட சொந்தக்காரன். பூச்சாயமும் இலைச்சாயமும் வெயில்ல வெளுத்துரும். காவியில இரும்பு ஏற்கெனவே ஆக்சிஜனோட சேர்ந்து முடிச்சாச்சு, வெயிலும் காத்தும் அதைப் புதுசா ஒண்ணும் பண்ண முடியாது.

அடுத்த வாரம் மஞ்சள் காவிக்கட்டியைப் பொடி பண்ணி, பழைய இரும்புக் கரண்டியில போட்டு அடுப்புல காய்ச்சினோம். அடுப்பு என் பொறுப்பு, பசங்க தள்ளி நின்னாங்க. சூடு ஏற ஏற, அதோட படிகத்துக்குள்ள இருக்கிற தண்ணி வெளியேறி, கண்ணு முன்னாலயே மஞ்சள் சிவப்பாகுது. "அப்போ அந்தக் காலத்து ஆளுங்களுக்கும் இது தெரியுமா?"ன்னு ஒரு பொண்ணு கேட்டா. உலகத்துல சில இடங்கள்ல மஞ்சள் காவியைச் சுட்டுச் சிவப்பாக்கினதுக்குத் தடயம் கிடைச்சிருக்கு. பாடப்புத்தகத்துல 'ஆதி மனிதன்'னு ஒரே வார்த்தையில முடிச்சுவிட்ட ஆளுக்கு அடுப்பு வேலை தெரிஞ்சிருக்கு.

சரி, எல்லாரும் கேட்கிறதுக்கு வருவோம். எவ்வளவு பழசு? கார்பன் டேட்டிங் பண்ணலாமேன்னு உடனே சொல்வீங்க. கார்பன்-14 வேலை செய்யணும்னா ஒரு காலத்துல உயிரோட இருந்த பொருள் வேணும். கரி, எலும்பு, விதை. காவியில கார்பனே கிடையாது. அப்புறம் என்னத்தை அளக்கிறது?

அதனால சுவரையே படிக்கணும். பீம்பேட்காவுல 'மிருகக்காட்சிப் பாறை'ன்னு ஒண்ணு இருக்கு. யானை, மான், காட்டெருமைன்னு ஒண்ணு மேல ஒண்ணா வரைஞ்சிருக்காங்க. பழைய மிருகங்களுக்கு மேல, பிற்காலத்துல குதிரை ஏறி ஆயுதத்தோட வர்ற வீரர்கள். எது எதை மறைக்குதுன்னு பார்த்தா எது முந்தினதுன்னு தெரியும். நம்ம ஆளுங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, கிட் லாக்ல கமிட் வரிசை இருக்கு, டைம்ஸ்டாம்ப் மட்டும் இல்லை. இந்தோனேசியாவுல சுலவேசித் தீவுக் குகையில ஓவியத்துக்கு மேல படிஞ்ச சுண்ணாம்புப் படிவத்தை யுரேனியம் வச்சு அளந்து, ஓவியம் குறைஞ்சது 51,200 வருஷம் பழசுன்னு 2024-ல சொன்னாங்க. அது சுண்ணாம்புப் பாறை. பீம்பேட்கா மணற்பாறை, அந்த வசதி அங்க அவ்வளவா இல்லை. பழைய அடுக்குகள் சுமார் 10,000 வருஷம் இருக்கலாம்னு ஆய்வாளர்கள் நிதானமா சொல்வாங்க. வாட்ஸ்அப்ல அதே ஓவியம் ஒவ்வொரு ஃபார்வர்டுக்கும் பத்தாயிரம் வருஷம் ஏறும்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. 2021-ல ஒரு செய்தி உலகம் முழுக்க ஓடுச்சு. பீம்பேட்காவுல 'ஆடிட்டோரியம்'னு கூப்பிடுற பெரிய குகையோட மேல்சுவர்ல, இலை நரம்பு மாதிரி வரிவரியா ஒரு தடம். அது டிக்கின்சோனியா, சுமார் 55 கோடி வருஷத்துக்கு முந்தின உயிரோட புதைபடிவம்னு ரெட்டாலக்ங்கிற அமெரிக்கப் புவியியலாளர் குழு ஆய்விதழ்லயே எழுதிட்டாங்க. சாதாரண விஷயமில்லை. விந்தியப் பாறையோட வயசு 55 கோடியை ஒட்டியா, இல்லை 100 கோடியாங்கிறது புவியியல்காரங்களுக்குள்ள ரொம்ப நாள் வழக்கு. இந்தத் தடம் உண்மைன்னா வழக்கு முடிஞ்சுது.

2022 கடைசியில புளோரிடா பல்கலைக்கழகத்து ஜோ மீர்ட் குழு நேர்ல போய்ப் பார்த்தாங்க. அந்தப் 'புதைபடிவம்' பாறையிலிருந்து உரிஞ்சுக்கிட்டு இருந்தது. 55 கோடி வருஷம் பாறையாவே இருந்தது ரெண்டே வருஷத்துல உரியுமா? பக்கத்துல பார்த்தா தேனீக்கூடுகள். பழைய கூடு ஒண்ணு சிதைஞ்சு விட்டுட்டுப் போன தடம் அது, அவ்வளவுதான். 2023-ல இதுவும் அதே ஆய்விதழ்ல வந்தது. ரெட்டாலக் குழுவும் ஆமான்னு ஒத்துக்கிட்டாங்க. மத்திய இந்தியப் பாறை ஓவியங்கள்ல தேன் எடுக்கிற காட்சியும் உண்டுங்கிறது இதுல ஒரு குறும்பு.

இந்தக் கதையைச் சொன்னப்போ ஒரு பையன், "சயின்டிஸ்டே தப்பு சொன்னா நாங்க யாரை நம்புறது?"ன்னு கேட்டான். அந்த மாலை முழுக்க அதைத்தான் பேசினோம். அறிவியல் வகுப்புல கூட எனக்கு இந்தக் கேள்வி வந்ததில்லை.

அடுத்தது நம்ம ஏரியா. மங்கிப்போன ஓவியம் படத்துல பளிச்சுன்னு வரணும்னு தண்ணி தெளிக்கிற வழக்கம் பல இடங்கள்ல உண்டு. தண்ணி காயும்போது பாறைக்குள்ள இருக்கிற உப்பு வெளியே வந்து மேற்பரப்பைப் பொரிய வைக்கும். அன்னைக்குப் படம் நல்லா வரும், காவி கொஞ்சம் கொஞ்சமா உதிரும். கை வைக்காமலே பார்க்க ஒரு வழி இருக்கு. ஜான் ஹார்மன் எழுதின டி-ஸ்ட்ரெட்ச். செயற்கைக்கோள் படங்களுக்காக நாசாவோட ஜேபிஎல்-ல உருவாக்கின கணக்கை ஓவியத்துக்குக் கொண்டுவந்தார். பாறைப் படத்துல சிவப்பு, பச்சை, நீலம் மூணு சேனலும் கிட்டத்தட்ட ஒண்ணாவே ஏறி இறங்கும், அதான் கண்ணுக்கு எல்லாம் பழுப்பு. அந்தத் தொடர்பைப் பிரிச்சு, மிச்சமிருக்கிற சின்ன வித்தியாசத்தை இழுத்து நீட்டினா, வெத்துப் பாறைன்னு நினைச்ச இடத்துல மான் நிக்கும். நம்பை தெரிஞ்சவங்களுக்கு முப்பது வரி கோட்.

இதுக்கு மத்தியப் பிரதேசம்தான் போகணும்னு இல்லை. விழுப்புரம்–திருவண்ணாமலை சாலையில கீழ்வாலை இருக்கு, செங்காவியில பறவை முக மனிதர்கள். கோத்தகிரி பக்கம் கரிக்கியூர் இருக்கு, அங்க ஓவியத்து மேலயே பேர் கிறுக்கி வச்சிருக்காங்க. பேர் எழுதினவனும் அந்த ஒரு மார்க் கேள்விக்குச் சரியாத்தான் பதில் எழுதியிருப்பான்.

கீழ்வாலை போறவங்க வெயில் ஏறுறதுக்குள்ள போயிடுங்க. பாட்டில் தண்ணி குடிக்கிறதுக்கு மட்டும். படம் எடுக்கும்போது ஓரத்துல ஒரு ஸ்கேல் வைங்க, ஃபிளாஷ் வேண்டாம், ஃபில்டர் போடாம ஒரிஜினலை அனுப்புங்க. அடுத்த எபிசோடுல அந்தப் படங்களை வச்சே கோடை வரிவரியா எழுதப்போறோம்.