வடகோடிக் கடலில் அரைநாள்

ஐரோப்பாக் கண்டத்தின் படத்தை விரித்து, அதன் வடமேற்கு விளிம்பைச் சற்றே உற்று நோக்குங்கள். நார்வே நாட்டின் கரை, நைந்த துணியின் ஓரம் போலக் கிழிந்து கிடப்பதைக் காண்பீர்கள். கடல் அங்கே மலைகளுக்கிடையே விரல் விரலாக நுழைந்திருக்கிறது. இவ்வாறு நிலத்துக்குள் நெடுந்தூரம் புகுந்து, குறுகியும் ஆழ்ந்தும் செல்லும் கடற்பகுதியைப் ‘பியோர்டு’ என்பர். நார்வே மக்களின் சொல்லாகிய இது, இன்று உலகத்துப் பூகோள நூல்களிலெல்லாம் இடம் பெற்றுவிட்டது.

ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே லொபோட்டன் என்னும் தீவுக்கூட்டம் உண்டு. அங்குள்ள பியோர்டு ஒன்றுக்கு ஒரு ஜூன் மாதத்தில் அரைநாள் படகிற் சென்று வரும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அங்குக் கண்டவற்றையும், அவற்றைப் பற்றிப் படித்தறிந்தவற்றையும் மாணவ நேயர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். காட்சியின் அழகைப் புகழ்வது எளிது. அந்த அழகும் வளமும் எதனால் நிலைத்திருக்கின்றன என்று ஆராய்வதே நமக்குப் பயன் தருவது.

எங்கள் படகு புறப்பட்ட ஊர் ஸ்வோல்வேர். அது 68-ஆவது வட அட்சரேகையை ஒட்டியுள்ள சிறு துறைமுகம். ஊருக்குப் பின்னே செங்குத்தான பாறை மலை. அதன்மீது இரண்டு கொம்புகள் போலக் கற்கள் நிற்பதால் அதை ‘ஸ்வோல்வேர் ஆடு’ என்று அழைக்கிறார்கள். மே மாத இறுதியிலிருந்து ஜூலை நடுவரை அங்கே சூரியன் மறைவதே இல்லை. நள்ளிரவிலும் அது தொடுவானத்துக்கு மேலே நின்று, மாலை வெயில் போன்ற ஒளியைப் பொழிந்துகொண்டிருக்கும். மார்கழிப் பகுதியிலோ ஏறத்தாழ நான்கு வாரங்கள் சூரியன் எழுவதே இல்லை.

இவ்வளவு வடக்கே இருந்தும் அத்துறைமுகம் உறைவதில்லை. இது வியப்பன்றோ? சைபீரியாவிலுள்ள வெர்கோயான்ஸ்க் என்னும் ஊரும் ஏறத்தாழ இதே அட்சரேகையில்தான் இருக்கிறது. அங்கே ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 45 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்குகிறது. லொபோட்டனிலோ அதே மாதத்தில் வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டியே நிற்கிறது. காரணம், அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து வடகிழக்காக வரும் வெப்ப நீரோட்டம். மெக்சிகோ வளைகுடாப் பக்கத்திலிருந்து புறப்படும் வளைகுடா நீரோட்டத்தின் நீட்சியே அது. ஒரே அட்சரேகையிலுள்ள இரண்டு ஊர்களுக்கு ஒரே தட்பவெப்பம் இருக்கவேண்டும் என்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நாங்கள் சென்ற படகு மின்கலத்தாலும் இயங்கவல்லது. துறைமுகத்தை விட்டு நீங்கியதும் தீவுகளின் இடையே ஒரு மணி நேரம் போனோம். பிறகு இரு பெருந்தீவுகளைப் பிரிக்கும் ராப்ட்சுண்டு என்னும் நீரிணைக்குள் நுழைந்தோம். இருபுறமும் கரும்பாறை மலைகள் கடலிலிருந்து நேராக எழுகின்றன. அப்பாறைகளிற் பல ஏறத்தாழ 180 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானவை என்று நிலநூலார் கணித்துள்ளனர். மலை முகடுகளில் பழம்பனி இன்னும் திட்டுத்திட்டாகக் கிடந்தது. உருகிய நீர் வெள்ளி இழைபோலப் பாறையில் வழிந்து கடலில் விழுந்தது.

அந்த நீரிணையின் மேற்குக் கரையில் ஒரு பிளவு தோன்றிற்று. அதுவே டிரோல் பியோர்டின் வாயில். ‘டிரோல்’ என்பது நார்வேக் கதைகளில் வரும் மலைப்பூதம். சூரிய ஒளி பட்டால் அப்பூதங்கள் கல்லாகிவிடும் என்பது அவர்கள் கதை. சூரியன் மறையாத கோடையில் அப்பூதங்களின் பாடு கடினந்தான்! வாயிலின் அகலம் ஏறத்தாழ 100 மீட்டர். பியோர்டின் நீளம் 2 கிலோமீட்டர் அளவு. சுற்றியுள்ள மலைகளின் உயரமோ 1,000 மீட்டரையும் எட்டுகிறது. உள்ளே நுழைந்ததும் படகோட்டி மின்கலத்துக்கு மாறினார். இயந்திர ஒலி அடங்கியது. அருவியின் ஓசையும் பறவைகளின் குரலும் மட்டுமே எஞ்சின. பேசிக்கொண்டிருந்தவர்களும் தாமாகவே பேச்சை நிறுத்திவிட்டனர்.

இப்பள்ளத்தாக்கை வெட்டியது யார்? ஆறு அரித்த மலைப் பள்ளத்தாக்கு அடியிற் குறுகி, பாதி விரித்த புத்தகத்தைப் போல இருக்கும். பியோர்டோ அவ்வாறன்று; நம் ‘ப’ என்னும் எழுத்தைப் போலப் பக்கங்கள் செங்குத்தாகவும் அடி அகன்றும் இருக்கும். இதை வெட்டியது பனியாறு. பனியுகங்களில் அந்நிலம் முழுவதையும் தடித்த பனிக்கட்டி மூடியிருந்தது. அது தன் சுமையினாலேயே மெல்ல நகர்ந்தது. நகரும்போது அடியிற் சிக்கிய கற்களைக் கொண்டு, தச்சன் உளியால் மரத்தைக் குடைவதுபோல, மலையைக் குடைந்துகொண்டே போயிற்று. கடலை நெருங்கியதும் பனி மெலிந்தது. குடையும் ஆற்றலும் குறைந்தது. ஆகவே பல பியோர்டுகள் உள்ளே மிக ஆழமாகவும், வாயிலில் ஆழம் குறைந்தும் இருக்கின்றன. தென் நார்வேயிலுள்ள சோக்னே பியோர்டு 200 கிலோமீட்டருக்கு மேல் நீளமுடையது. அதன் பேராழம் 1,300 மீட்டர். வாயிலிலோ அந்த ஆழத்தில் சிறு பங்கே உண்டு. பனியுகம் முடிந்து பனி உருகியபின், குடைந்த பள்ளத்தைக் கடல் வந்து நிரப்பிற்று. அரைநாளில் நாம் பார்த்துவிட்டுத் திரும்பும் இக்காட்சியை உருவாக்க இயற்கைக்குப் பல இலட்சம் ஆண்டுகள் தேவைப்பட்டன.

நிற்க. லொபோட்டன் தீவுகளுக்கு மக்களை அழைத்தது மலைகளின் அழகன்று, மீன். ஆண்டுதோறும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை, வடக்கேயுள்ள பாரன்ட்ஸ் கடலிலிருந்து காட் மீன்கள் பெருங்கூட்டமாகப் புறப்பட்டு, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீந்தி வந்து, இத்தீவுகளை ஒட்டிய கடலில் முட்டையிடுகின்றன. மீன் எண்ணெய் என்று நாம் மருந்துக் கடையில் வாங்குவதில் ஒரு பகுதி இவ்வினத்தின் ஈரலிலிருந்து எடுப்பது. காற்றில் உலர்த்தும் மீனை அவர்கள் உப்பிடுவதில்லை. தலையை நீக்கி, இரண்டிரண்டாக வாலிற் கட்டி, மரச்சட்டங்களில் தொங்கவிடுகிறார்கள். கடுங்குளிரும் இல்லாத, வெப்பமும் இல்லாத காற்று அதை மூன்று மாதங்களில் மரக்கட்டை போல உலர்த்திவிடுகிறது. இவ்வணிகம் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது. மீனவர் தங்குவதற்கு மன்னர் ஐஸ்டைன் இங்கே குடில்கள் அமைத்தது கி.பி. 1120-ஐ ஒட்டி என்பர்.

இம்மீன்வளத்தைச் சார்ந்த ஒரு பெரும் பூசல் இதே டிரோல் பியோர்டில் 1890-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிகழ்ந்தது. அன்று மீனவரிற் பெரும்பாலோர் துடுப்பும் பாயும் கொண்ட திறந்த படகுகளில், தூண்டிலும் சிறுவலையும் கொண்டு தொழில் செய்தவர்கள். செல்வர் சிலர் நீராவிக் கப்பல்களைக் கொணர்ந்தனர். பியோர்டுக்குள் காட் மீன் கூட்டம் புகுந்திருந்த வேளையில், அக்கப்பல்கள் குறுகிய வாயிலைப் பெருவலையால் அடைத்தன. உள்ளேயுள்ள மீன் அனைத்தும் எமதே என்றனர் அக்கப்பற்காரர். செய்தி பரவியது. திறந்த படகுகள் திரண்டு வந்தன. துடுப்பையும் கொக்கியையும் ஏந்தி மீனவர்கள் தடையை எதிர்த்தனர், கைகலப்பு மூண்டது, இறுதியில் அவர்கள் உள்ளே புகுந்தனர். ஸ்வோல்வேரிற் பிறந்த ஓவியர் குன்னார் பெர்க் இந்நிகழ்ச்சியைப் பெரிய ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்.

பூசலைவிட அதன் பின்விளைவே நாம் கருதத்தக்கது. கைகலப்பில் ஒரு நாள் வெல்லலாம். மறுநாள் மேலும் பெரிய கப்பல் வந்தால் என் செய்வது? கடலை இவ்வாறு வலையால் அடைத்துப் பிடிக்கும் முறையை நார்வேயின் பாராளுமன்றம் லொபோட்டனில் தடை செய்தது. அதன்பின் 1897-இல் வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. எங்கே வலை போடலாம், எங்கே தூண்டில் இடலாம், எந்த நேரத்தில் தொழில் தொடங்கலாம் என்னும் விதிகளை வகுக்கும் பொறுப்பை அது மீனவர்கள் தேர்ந்தெடுத்த குழுக்களிடமே ஒப்படைத்தது. வலைக்காரரும் தூண்டிற்காரரும் ஒன்றாக அமர்ந்து விதி செய்தனர். தாமே செய்த விதியாதலின் அதை மதித்தும் நடந்தனர். பொதுச் சொத்தைப் பயன்படுத்துவோரே அதைக் காக்கவும் வல்லவர் என்பதற்கு, இதனை அறிஞர்கள் இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறுகின்றனர்.

நம் நாட்டுக் கடற்கரைக்கும் இதனோடு ஒரு தொடர்பு உண்டு. 1953-இல் கேரளக் கரையில் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் இந்திய–நார்வே மீன்வளத் திட்டம் தொடங்கிற்று. விசைப்படகுகளையும் பனிக்கட்டி நிலையத்தையும் நார்வே நாட்டினர் நமக்கு அறிமுகப்படுத்தினர். நன்மைகள் பல விளைந்தன. ஆயின் நாளடைவில் இழுவலை விசைப்படகுகளுக்கும் கட்டுமரம், வள்ளம் முதலியவற்றில் தொழில் செய்வோர்க்கும் இடையே நம் கரைகளிலும் பூசல் எழுந்தது. கேரளம் 1980-இலும் தமிழ்நாடு 1983-இலும் கடல் மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்தும் சட்டங்களை இயற்றின. கருவி புதிதாக வரும் இடமெல்லாம் விதியும் உடன் வரவேண்டும் என்பதே இரண்டு கரைகளும் கற்பிக்கும் பாடம்.

மீண்டும் படகுக்கு வருவோம். பியோர்டின் உள்ளே ஒரு பெரும்பறவை பாறை முகட்டிலிருந்து இறங்கி எங்கள் தலைக்கு மேலே வட்டமிட்டது. அது வெண்வாற் கடற்கழுகு. விரித்த சிறகுகளின் அகலம் இரண்டு மீட்டருக்கும் மேல். கதவொன்று வானில் மிதந்து வருவது போல் இருந்தது. ஒருகாலத்தில் ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிச் செல்லும் பகை என்று கருதி, இப்பறவையைக் கொன்றவர்க்கு நார்வேயில் பரிசுப் பணம் அளித்தனர். 1968-இல் சட்டம் அதற்குப் பாதுகாப்பு அளித்தது. பிறகு அதன் எண்ணிக்கை பெருகிற்று. இவ்வினம் முற்றிலும் அழிந்துபோயிருந்த ஸ்காட்லாந்துக்கு 1975 முதல் நார்வேயிலிருந்தே குஞ்சுகளை அனுப்பி அங்கும் அதை மீண்டும் குடியேற்றினர். உல்லாசப் படகுகள் சிலவற்றில் மீனை வீசிக் கழுகை அருகே அழைக்கும் வழக்கம் உண்டு. காட்டுயிரை அவ்வாறு பழக்குவது தகுமா என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். எங்கள் படகில் மீன் வீசவில்லை. கழுகு தன் விருப்பப்படி வந்தது; தன் விருப்பப்படி போயிற்று. அதுவே எனக்குப் பெருமகிழ்ச்சியாக இருந்தது.

விதி செய்தாயிற்று, இனிக் கவலையில்லை என்று யாரும் இருந்துவிட இயலாது. பாரன்ட்ஸ் கடலின் காட் மீன் அளவை நார்வேயும் ரஷ்யாவும் கூடி ஆண்டுதோறும் முடிவு செய்கின்றன. 1980-களின் இறுதியில் மீன் மிகவும் குறைந்தது. 1989-இல் கரையோர மீனவர்களின் தொழிலைப் பருவத்தின் நடுவிலேயே நிறுத்த நேர்ந்தது. கட்டுப்பாட்டின் பயனாக வளம் திரும்பி, 2013-ஆம் ஆண்டுக்கு 10 இலட்சம் டன் பிடிக்கலாம் என்று அளவு வகுத்தனர். அதன்பின் மீண்டும் இறங்கி, 2025-ஆம் ஆண்டுக்கு 3 இலட்சத்து 40 ஆயிரம் டன் என்று குறைத்தனர். இத்தகைய குறைப்பு மீனவர் வீட்டு அடுப்பைத் தொடும் செய்தி. ஆயினும் இன்று சிறிது விட்டுவைத்தாலன்றி நாளைக்கு முட்டையிட மீன் இராது என்பதை அவர்கள் நன்கு அறிவர்.

மாணவ நேயர்களே, பிற நாடுகளுக்குச் செல்லும் வாய்ப்பு உங்களிற் பலருக்கு வாய்க்கக்கூடும். மலையையும் நீரையும் கண்ணாரக் கண்டு மகிழுங்கள். அத்துடன், இந்நீரில் யார் உழைத்தனர், எதற்காகப் பூசலிட்டனர், எவ்வாறு இணங்கினர் என்றும் கேட்டறியுங்கள். மலையைக் குடைந்தது பனி. அதற்கு நம் உதவி தேவைப்படவில்லை. ஆனால் அந்நீரில் இன்னும் மீன் வருவதும், அவ்வானில் இன்னும் கழுகு பறப்பதும் மனிதர் தம் கையைத் தாமே கட்டுப்படுத்திக்கொண்டதால் நிகழ்பவை. அக்கட்டுப்பாட்டை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கற்கவேண்டும். உங்கள் தலைமுறைக்கும் அந்தப் பாடம் காத்திருக்கிறது.