பழைய மண்டபமும் புதிய தேவையும்



எமது பாடசாலையிலே பழைய மண்டபம் ஒன்றுண்டு. தடித்த சுண்ணாம்புச் சுவர், உயர்ந்த கூரை, காற்றோடும் நீண்ட சாளரங்கள். அதனைத் திருத்த எண்ணியபோது இரு கட்சிகள் தோன்றின. ஓர் ஆணியும் அறையலாகாது என்றனர் ஒரு சாரார். தாழ்வான உட்கூரை அமைத்து, சாளரங்களைக் கண்ணாடியால் அடைத்து, குளிரூட்டி பொருத்துக என்றனர் மறு சாரார். அதிபராகிய யான் நடுவே நின்று தடுமாறினேன். அவ்வேளை, இதே வினாவைப் பன்முறை எதிர்கொண்ட வேறொரு கட்டடத்தின் வரலாறு எனக்குத் துணையாயிற்று.

அமெரிக்காவின் வேர்ஜீனியா சர்வகலாசாலையிலுள்ள 'றொட்டண்டா' என்னும் வட்ட மண்டபமே அது. உரோமாபுரியின் பாந்தியன் கோயிலை முன்மாதிரியாகக் கொண்டு தோமஸ் ஜெபர்சன் அதனை வகுத்தார். வேலை 1822இல் தொடங்கிற்று. கலாசாலையின் நடுநாயகமாகத் தேவாலயத்தை வையாது நூலகத்தை வைத்தார் அவர். 1895இல் எழுந்த தீ அதன் உள்ளகத்தை அழித்தது. மீளக் கட்டிய ஸ்ரான்போர்ட் வைற் என்னும் கட்டடக் கலைஞர், இடைத்தளத்தை நீக்கி உயர்ந்த பெருங்கூடமாக்கினார். 1976இல் நிறைவுற்ற வேலையோ அதனை அகற்றி, ஜெபர்சனின் மூன்று தளங்களையும் மீட்டது.

ஆனால் நூலகம் 1938இலேயே வேறிடம் சென்றுவிட்டது. பழைய உருவம் மீண்டபோதிலும் மாணவர் நடமாட்டம் அங்கே அருகியே இருந்தது. இக்குறையைத் தீர்க்க முயன்றது 2016இல் முடிவுற்ற திருப்பணி. இயந்திரங்களுக்கென வெளியே நிலத்தடி அறை அமைத்தனர். உள்ளே வகுப்புகளுக்கும் படிப்போருக்கும் இடம் வகுத்தனர். வேலையின்போது, சுவரினுள் மறைந்துகிடந்த பழைய இரசாயன அடுப்பொன்று வெளிப்பட்டது. அதனை மீண்டும் பூசி மூடாது, யாவரும் காண வைத்தனர்.

இதிலிருந்து யான் கற்றது ஒன்றே. கட்டடத்தைத் திருத்துமுன், அது எதற்காக எழுந்தது என்று வினவுதல் வேண்டும். புதிய வசதி அந்நோக்கத்திற்கு ஏவல் செய்யட்டும். பின்வருவோர் வேண்டாமெனின் சுவருக்கு ஊறின்றி நீக்கத்தக்கதாகவும் இருக்கட்டும்.

ஆகவே எமது மண்டபத்தில் உட்கூரை வேண்டாமென்று தீர்மானித்தோம். சீமெந்துப் பூச்சு சுவரின் ஈரத்தை அடைத்துவைக்குமாதலால் சுண்ணாம்புச் சாந்தே பூசுவோம். மின்கம்பிகளைச் சுவரைக் கொத்தாது குழாயினுள் வெளியே கொண்டுசெல்வோம். சாளரத்தருகே நல்ல விளக்கும், எளிதில் நகர்த்தத்தக்க மேசைகளும், நூலடுக்குகளும் வைப்போம். வீட்டிலே படிக்க இடமில்லாத பிள்ளை மாலையில் அங்கே வந்து அமருமாயின், அதனைக் கட்டிய முன்னோரின் எண்ணம் பழுதாகவில்லை என்று கொள்வோம்.