விளையாட்டுக் கட்டையில் லயத்து வீடு



பத்து காஜா பக்கம் போனவர்கள் கெல்லி மாளிகையைப் பார்த்திருப்பீர்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கட்டத் தொடங்கிய மாளிகை அது. 1926-ஆம் ஆண்டு அவர் லிஸ்பன் நகரில் இறந்ததும் வேலை நின்று போயிற்று. சென்னை மாகாணத்திலிருந்து வந்த நம்மவர்கள் பலர் அங்கே உழைத்தார்கள். மாளிகை இன்றும் நிற்கிறது. ஆனால் பேராக்கின் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்களும் மறைந்து வருகின்றன. ஆகவே, பிள்ளைகள் விளையாட்டுக் கட்டையில் ஏதேனும் கட்டுவதென்றால், நாம் வாழ்ந்த லயத்தை முதலில் கட்டட்டும் என்கிறோம்.

இது வெறும் பொழுதுபோக்கு அன்று. ஜொகூரில் 2012-இல் திறக்கப்பட்ட லெகோலேண்டில் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தையே இத்தகைய கட்டைகளால் எழுப்பியிருக்கிறார்கள். அதற்கும் நம் லயத்துக்கும் அடிப்படை ஒன்றுதான்: அளவு விகிதம்.

முதலில் வீட்டை அளக்க வேண்டும். லயம் இடிந்துவிட்டதா? தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். அஞ்சடி எத்தனை எட்டு, அடுப்பு எந்த மூலை என்று அவர்களுக்குத் தெரியும்.

அடுத்து விகிதம். நாற்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். லெகோ கட்டையில் ஒரு குமிழிலிருந்து அடுத்த குமிழுக்கு 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர். வேறு கட்டையானால் அளவுகோலால் அளந்து கொள்ளுங்கள். 3 மீட்டர்ச் சுவர் 75 மில்லிமீட்டர் ஆகும். எட்டு வரிசை அடுக்கினால் 76.8. இது போதும்.

நீளத்தில்தான் கவனம் தேவை. ஒரு வீட்டின் முகப்பு 4 மீட்டர் என்றால், 100 மில்லிமீட்டர். அதாவது பன்னிரண்டரைக் குமிழ். அரைக் குமிழ் கிடையாதே என்று ஒவ்வொரு வீட்டுக்கும் 13 போட்டால், நான்கு வீட்டுக்கு 52 ஆகிவிடும். சரியான கணக்கு 50. மிகுந்த இரண்டு குமிழ், உண்மை வீட்டில் 64 சென்டிமீட்டர்! ஆகவே 12, 13, 12, 13 என்று மாற்றிப் போட வேண்டும். முதலில் மொத்த நீளத்தைக் கணக்கிட்டு, பிறகு பங்கிடுவதே முறை.

முகப்பைத் தாளில் வரையும்போது சதுரக் கட்டம் உதவாது. ஐந்து கட்டைகளின் உயரம் ஆறு குமிழ்களின் நீளத்துக்குச் சமம். அகலம் 5, உயரம் 6 என்ற கணக்கில் கட்டம் போட்டால் சன்னல்கள் உரிய உருவில் அமையும்.

கட்டும்போது கொத்தனாரைப் பின்பற்றுங்கள். கீழ் வரிசையின் இணைப்புக்கு மேல் அடுத்த வரிசையின் இணைப்பு வரக் கூடாது. கதவுக்கும் சன்னலுக்கும் மேலே நீளக் கட்டையை வையுங்கள். தகரக் கூரைக்கு அட்டையை மடித்து, எடுத்து வைக்கும்படி செய்தால் உள்ளறையும் தெரியும்.

கட்டி முடித்ததும் தோட்டத்தின் பெயர், லயத்தின் எண், விகிதம் மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். கணக்கில் விகிதப் பாடம் பிள்ளைக்கு விளங்கும்; பாட்டன் வாழ்ந்த வீடு பேரன் கையில் நிற்கும்.