கடல் கடந்து மீண்ட தாளம்

ஆப்பிரிக்க இசை என்றவுடன் முரசொலியை மட்டுமே எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் முழுமையன்று என்பதற்குக் காங்கோ ஆற்றங்கரையில் வளர்ந்த ‘ரும்பா’ ஒன்றே போதிய சான்றாகும்.

அடிமை வணிகம் நடந்த நூற்றாண்டுகளில் காங்கோ மக்கள் பல்லாயிரவர் கியூபாத் தீவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். உடைமை ஏதும் எடுத்துச் செல்ல இயலாத அவர்கள் தாளத்தை நெஞ்சில் சுமந்து சென்றனர். அங்கே அது ஸ்பானியப் பாடலோடும் கிதாரோடும் கலந்து புத்திசையாயிற்று. 1930-களில் அவ்விசை கிராமபோன் இசைத்தட்டுக்களில் ஏறி ஆப்பிரிக்காவுக்கு வந்தபோது, காங்கோ மக்கள் அதில் தம் பழைய தாளத்தின் சாயலைக் கேட்டு, தமதாகவே ஏற்றுக்கொண்டனர்.

கியூபாவிலிருந்து வந்த அத்தாளத்தில், 16 மாத்திரை கொண்ட ஓர் ஆவர்த்தத்துக்கு 5 அடிகளே உண்டு. அவற்றின் இடைவெளி 3, 3, 4, 2, 4. சமனற்ற இந்தப் பகுப்பே கேட்போர் கால்களைத் தாமாக அசையச் செய்கிறது. கியூபர் பியானோவில் வாசித்ததைக் காங்கோக் கலைஞர் கிதாரில் அமைத்தனர். பாட்டு மெல்லத் தொடங்கும். பின்னர் ‘செபேன்’ என்னும் பகுதியில் சொற்கள் ஓய்ந்து, கிதார்கள் ஒன்றையொன்று பின்னி விரையும். ஆடுவோர்க்கு அதுவே உச்சம்.

இன்று கின்ஷாசா எனப்படும் லியோபோல்டுவில், பல மொழியினர் பிழைப்பு நாடிக் குடியேறிய நகரம். ஆற்று வணிகத்தில் பரவிய லிங்காலா மொழியில் பாடல்கள் எழுந்தன. தாய்மொழியால் வேறுபட்டோர் பாட்டால் அயலவராயினர் அல்லர்; அண்டை வீட்டாராயினர்.

1960 ஜனவரியில் விடுதலை குறித்த வட்டமேசை மாநாடு பிரஸ்ஸல்ஸ் நகரில் கூடியது. அங்குச் சென்றிருந்த ஜோசப் கபசெலேயின் குழுவினர், ‘இன்டிபென்டன்ஸ் சா சா’ என்னும் பாடலை இயற்றினர். மாறுபட்ட கட்சித் தலைவர்களின் பெயர்களை அது ஒரே மாலையாகத் தொடுத்தது. ஜூன் 30-ஆம் நாள் விடுதலை வந்தது. ஆனால் சில நாட்களிலேயே படையினரிடையே கலகம் மூண்டது. முதற் பிரதமர் லுமும்பா 1961 ஜனவரியில் கொல்லப்பட்டார். தலைவர்களின் ஒற்றுமை நிலைக்கவில்லை. பாட்டில் மட்டும் அவர்கள் பிரியாமல் நிற்கின்றனர்.

லிங்காலா அறியாத கென்யரும் தான்சானியரும் இவ்விசைக்கு ஆடினர். பின்னர் பாரிஸ் நகரமும் அதனை வரவேற்றது. இரு காங்கோ நாடுகளும் இணைந்து விண்ணப்பிக்க, 2021-இல் யுனெஸ்கோ இதனை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

வேற்று மண்ணில் வேற்று ஓசைகளோடு கலந்ததனால் அத்தாளம் அழிந்துவிடவில்லை. வளம் பெற்றே வீடு திரும்பியது. பிறந்த ஊரை நீங்கி வாழ்வோர்க்கு இவ்வரலாறு கூறும் ஆறுதல் சிறிதன்று.