கீழே போடுறதுக்கு என்ன இருக்கு?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பழைய நினைவுகளைப் பேசத்தான் கூப்பிட்டாங்க. ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எனக்கு முன்னால் பேசியவர்களே சொல்லிவிட்டார்கள். நான் செய்த ஒரு தப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தது. நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு லாரி நிறையப் பழைய துணி திரட்டி நாகப்பட்டினத்துக்கு அனுப்பினோம். பெருமையாக இருந்தது. சில நாள் கழித்து நேரில் போனேன். ரோட்டோரத்தில் துணி குவியல் குவியலாகக் கிடந்தது. ஒரு அம்மா சொன்னாங்க: "துணி போதும் தம்பி. சமைக்கப் பாத்திரம் இருக்கா?"

தலை குனிந்து திரும்பினேன்.

பத்தே மாதத்தில், 2005 அக்டோபர் 8-இல், காஷ்மீர் பூகம்பம். பாகிஸ்தான் பக்கம் மட்டும் 73,000 பேருக்கு மேல் இறந்தார்கள். நம் பக்கம் உரி, தங்தார் பகுதிகளில் 1,300 பேருக்கு மேல். வீடிழந்தவர்கள் ஏறக்குறைய 30 லட்சம். பனி விழச் சில வாரமே இருந்தது. கொடுத்த கூடாரங்களில் பெரும்பாலானவை குளிர் தாங்காதவை.

இந்தத் தடவை கேட்டுவிட்டு அனுப்பலாம் என்று, ராணுவத்தில் இருந்த நம் வகுப்பு நண்பனுக்குப் போன் போட்டேன். கம்பளி எத்தனை வேண்டும் என்றேன்.

"டேய், மேலே போர்த்துறது அப்புறம். கீழே போடுறதுக்கு என்ன இருக்கு, சொல்லு" என்றான்.

வெப்பவியல் வகுப்பில் தூங்கினவன் நான். அன்றைக்குத்தான் புரிந்தது. ஈரத் தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். இரண்டு கம்பளி இருந்தால் ஒன்று அடியில் போக வேண்டும். தடித்த பாய், அதற்கடியில் தார்ப்பாய், தண்ணீர் உள்ளே வராமல் கூடாரத்தைச் சுற்றி ஒரு சின்ன வாய்க்கால். பருத்தித் துணி நனைந்தால் குளிரைத்தான் கூட்டும். கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் கதகதப்பு மிஞ்சும்.

இன்னொன்றும் சொன்னான். குளிருக்குப் பயந்து கூடாரத்தை இறுக மூடி, உள்ளே கரி அடுப்பை வைத்துத் தூங்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கூடாரம் தீப்பிடிக்கும் ஆபத்து வேறு.

அந்த மலைக் கிராமங்களைக் காப்பாற்றியதில் தகர ஷீட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ஷீட், ஆணி, சுத்தியல் கொடுத்தார்கள். இடிந்த வீட்டின் மரத்தையும் கல்லையும் எடுத்து, பனிக்கு முன்னால் குடும்பத்துக்கு ஓர் அறை என்று மக்களே கட்டிக்கொண்டார்கள். எல்லோரும் பயந்த இரண்டாவது சாவு அலை வரவில்லை. அந்த ஆண்டுக் குளிர் சற்று மிதமாக இருந்ததும் உதவியது. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2023 பிப்ரவரி 6-இல் துருக்கி, சிரியா பூகம்பமும் கடுங்குளிரில்தான் வந்தது. இனியும் வரும்.

மாணவத் தம்பி தங்கைகளே, உதவும் மனசு உங்களிடம் இருக்கிறது. லாரி பிடிப்பதற்கு முன்னால் ஒரு போன் போடுங்கள். அங்கே என்ன தேவை என்று கேளுங்கள். பக்கத்து ஊரிலேயே வாங்க முடியுமென்றால் பணமாக அனுப்புங்கள். நம் சங்கமும் இதற்கென்று ஒரு சிறு நிதி ஒதுக்கி வைக்கலாம். தலைவர் அவர்கள் தலையாட்டுகிறார். அதை நான் சம்மதமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் தொகையை இன்றே நான் தருகிறேன். நாகப்பட்டினத்து அம்மாவுக்கு நான் பட்ட கடன் அது.