நோய்க்கு மூலம் ஒன்றா, இரண்டா?



"வைரஸ், ஒட்டுண்ணி இரண்டும் உடம்பில் புகுந்து நோய் தரும் கிருமிகள்தாமே, பிறகு வேறுபாடு எதற்கு?" என்று நம் மாணவர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. வைரஸும் பிற உயிரின் உயிரணுவுக்குள் புகுந்தாலன்றிப் பெருக இயலாதது. அவ்வகையில் அதுவும் ஒட்டி வாழ்வதே. எனினும் இரண்டையும் ஒன்றெனக் கொண்டால் மருத்துவத்தில் பிழை நேரும்.

மலேரியாவை எடுத்துக்கொள்வோம். அதன் ஒட்டுண்ணி உண்டு வளரும் உயிர். 1880-இல் அல்ஜீரியாவில் லாவரான் அதனை நோயாளியின் குருதியில் கண்டார்; 1897 ஆகஸ்டு 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் கண்டார். அதனைக் கொல்லும் மருந்துகள் உண்டு. டெங்குவோ வைரஸால் வருவது. வைரஸ் உண்பதில்லை, மூச்சு விடுவதில்லை. உயிரணுவுக்கு வெளியே வெறுந்துகள். டெங்கு வைரஸைக் கொல்லும் மருந்து இன்றளவும் வழக்கிற்கு வரவில்லை. நீராகாரம் கொடுத்து, உடல் தேறும்வரை கண்காணிப்பதே சிகிச்சை. இரண்டையும் கொண்டு வருவது கொசு. இரண்டிலும் முதலில் தெரிவது காய்ச்சல். ஆகவே ஓர் ஊசியைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடாமல், குருதிச் சோதனை செய்யுமாறு கேளுங்கள்.

ஒட்டுண்ணியென்றால் மருந்து உண்டு என்றும் இருந்துவிட முடியாது. நரம்புச் சிலந்தி என்னும் புழுவிற்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. படிக்கிணற்றில் இறங்கியவர் காலிலிருந்து அப்புழு குஞ்சுகளை நீரில் விடும். நீரிலுள்ள நுண்ணிய பூச்சிகள் அவற்றை விழுங்கும். அந்நீரை வடிகட்டாமல் குடித்தவர் காலில், ஏறத்தாழ ஓராண்டு கழித்து, இரண்டு முழ நீளப் புழு வெளிப்படும். பெரியம்மை வைரஸை அம்மை குத்தியே ஒழித்தார்கள். 1975-உடன் அது இந்தியாவை விட்டு நீங்கிற்று. நரம்புச் சிலந்தியை ஒழித்தவை வடிகட்டும் துணியும், மூடிய கிணறும், கைப்பம்பும்! 1996-இல் இராஜஸ்தானத்தில் கண்ட நோயாளியே இந்தியாவில் கடைசி.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஊர்க்கிணறு மறுக்கப்பட்ட நம் முன்னோர் குளத்திலும் குட்டையிலும் மொண்டு குடித்தார்கள். கழிவு கலந்த நீராயின், காமாலை வைரஸும் சீதபேதி அமீபாவும் ஒரே குடத்தில் வந்து சேரும். 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாடில் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். பின்னர்ச் சாதி இந்துக்கள் அக்குளத்தில் சாணமும் கோமியமும் குடங்குடமாக ஊற்றித் 'தூய்மை' செய்தார்கள். அவர்கள் கற்ற சுகாதாரம் அவ்வளவே!

இன்று கிணறு போய்க் குழாய் வந்துவிட்டது. ஆனால் நாள்தோறும் குழாயில் நீர் வரும் வீட்டில் அண்டாக்களை நிரப்பி வைப்பாரில்லை. எப்போதோ வரும் தெருவில்தான் வைக்கிறார்கள். டெங்குக் கொசு முட்டையிடுவது அந்த நல்ல நீரில். ஆகையால் தெருக்குழாய்க்கு எழுதும் விண்ணப்பத்தில் காய்ச்சலையும் ஒரு காரணமாகச் சேர்த்து எழுதுங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரத்திற்குமேல் ஆகும். அதற்குள் தொட்டியைக் காலி செய்து, உட்புறத்தை நன்றாகத் தேயுங்கள்; முட்டைகள் சுவரில் ஒட்டியிருக்கும், நீரை மட்டும் கொட்டினால் போகா.