வயலில் வேம்பு, வாசலில் நொச்சி

தமிழ்நாட்டில் விலங்கியலோ தாவரவியலோ முதுகலை படித்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். கூடப் படித்தவர்களில் ஒருவராவது ஏதோ ஓர் இலையை அரைத்துக் கொசுப்புழு மேல் ஊற்றிப் பார்த்திருப்பார். வேம்பு, நொச்சி, துளசி, எருக்கு, சீத்தாப்பழ விதை என்று எதையும் விட்டுவைத்ததாகத் தெரியவில்லை.

சோதனை எளிமையானது. இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, ஆல்கஹாலில் ஊறவைத்துச் சாறு இறக்குவார்கள். ஒரு கோப்பைத் தண்ணீரில் அதைக் கலந்து, வளர்ந்த புழுக்கள் 25 விடுவார்கள். 24 மணி நேரம் கழித்து எண்ணுவார்கள். ஊசியால் தொட்டும் அசையாதது செத்தது. பக்கத்தில் சாறு கலக்காத கோப்பை ஒன்று இருக்கும். அதிலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் செத்துக் கிடந்தால் சோதனையே செல்லாது. பாதிப் புழுக்கள் சாக எவ்வளவு சாறு தேவைப்பட்டது என்பதுதான் கடைசியில் எழுதப்படும் முடிவு.

வேம்பை இந்தக் கணக்கில் அளப்பது அதற்குச் செய்யும் அநியாயம். வேம்பில் உள்ள அசாடிராக்டின் உடனே கொல்லும் நஞ்சு அல்ல. புழு தோலுரிக்கும் வேலையைக் குழப்பிவிடும் பொருள் அது. சில நாள் கழித்துப் பார்த்தால், பழைய தோல் பாதி கழன்று வாலில் தொங்க, கூட்டுப்புழுவாக மாற முடியாமல் கிடக்கும். முதல் நாள் எண்ணிக்கையில் இது முழுதாகத் தெரியாது.

சரி, இத்தனை இலைகள் கொல்கின்றன என்றால் நம் தெருவில் ஏன் இன்னும் கொசு? கோப்பையில் நடப்பது சாக்கடையில் நடப்பதில்லை. அசாடிராக்டின் வெயில் பட்டால் சிதைந்துவிடும். ஓடும் தண்ணீர் சாற்றை அடித்துக்கொண்டு போய்விடும். அடுத்த மழைக்குப் புதுப் புழு வரும். மறுபடி ஊற்ற வேண்டும். யார் ஊற்றுவது, யார் பணம் கொடுப்பது? பல ஆய்வுகள் இந்தக் கேள்வியின் வாசலிலேயே நின்றுவிடுகின்றன.

சென்னை மாநகராட்சி கால்வாய்க்கரை வீடுகளுக்கு நொச்சிக் கன்று கொடுத்தது பலருக்கு நினைவிருக்கும். நொச்சியின் வாசனை எண்ணெய்க்குக் கொசுவை விலக்கும் குணம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த எண்ணெய் இலைக்குள்ளேயே அடைந்திருக்கிறது. கசக்கினாலோ எரித்தாலோதான் காற்றில் கலக்கும். சும்மா நிற்கும் செடி வீட்டைக் காக்கும் என்று நம்பிக் கதவைத் திறந்து வைக்காதீர்கள். அதைவிட, செடித் தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்குக் கொசு அங்கேயே முட்டையிடும். அந்த முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள்.

எரிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொசுவர்த்திச் சுருளின் பூர்வீகமும் ஒரு செடிதான். வெள்ளைச் சாமந்தி வகை ஒன்றின் பூவைப் பொடித்து ஜப்பானில் செய்யத் தொடங்கினார்கள். இன்றைய சுருளில் இருப்பது பெரும்பாலும் அந்தப் பூவின் நஞ்சைப் பார்த்து ஆலையில் செய்த நகல். ஒரு சுருள் எரிந்து முடிகையில் விடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் விடும் அளவுக்குச் சமம் என்று 2003ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. மூலிகைப் புகை என்றாலும் புகை புகைதான்; கைக்குழந்தை தூங்கும் அறையில் வேண்டாம்.

வேம்பு உண்மையிலேயே தன் திறமையைக் காட்டிய இடம் நெல்வயல். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது வேலூரில், 1955ல். கொக்கு, நாரை, பன்றி ஆகியவற்றின் ரத்தத்தில் பெருகும் அந்த வைரஸை, வயல் தண்ணீரில் வளரும் கியூலெக்ஸ் கொசு குழந்தைகளுக்குக் கொண்டுவருகிறது. ஏக்கர் கணக்கில் பரந்த தண்ணீருக்கு மருந்தடிக்க எந்த அரசுக்கும் கட்டுப்படியாகாது. போதாததற்கு யூரியா போட்ட வயலில் புழு இன்னும் அதிகம்.

மதுரையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மையம் ஒன்று இருந்தது. அங்கே ரேச்சல் ரூபனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1990களின் தொடக்கத்தில் வேப்பம் புண்ணாக்கை வயலில் இட்டுப் பார்த்தார்கள். எக்டேருக்கு 500 கிலோ தூள் போட்டபோது வளர்ந்த புழுவும் கூட்டுப்புழுவும் வெகுவாகக் குறைந்தன. ஆனால் அவ்வளவு புண்ணாக்கை யார் வாங்குவார்கள்? சேமிப்புச் சரியில்லாவிட்டால் அதன் வீரியமும் போய்விடுகிறது. எனவே புண்ணாக்கை யூரியா மேல் பூசினார்கள். கூடவே தண்ணீரை எப்போதும் தேக்கி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டார்கள். குறைந்த அளவிலேயே பலன் கிடைத்தது. நெல் விளைச்சலும் கூடியது. வேம்பு யூரியாவின் தழைச்சத்தைச் சீக்கிரம் வீணாகவிடாது என்பது வேளாண்மைக்காரர்கள் முன்பே அறிந்த சங்கதி.

எனக்கு இந்த ஆய்வில் பிடித்தது இதுதான். கொசுவுக்காக ஒரு வேலை செய்யுங்கள் என்று விவசாயியிடம் போய் நிற்கவில்லை. அவர் எப்படியும் போடப்போகும் உரத்திலும் எப்படியும் பாய்ச்சப்போகும் தண்ணீரிலும் கொசுவின் கணக்கையும் சேர்த்துவிட்டார்கள். எந்த இலை கொல்லும் என்று தேடுகிறவர்களில் எத்தனை பேர் இப்படி யோசித்திருக்கிறார்கள்?

2015 முதல் நாட்டில் தயாராகும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசித்தான் வரவேண்டும் என்று மத்திய அரசு ஆணையிட்டது. அப்படியானால் வயல் கொசு ஒழிந்ததா என்று கேட்பீர்கள். மூட்டையில் வருவது மிக மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. தழைச்சத்தைக் காக்கவும் யூரியா வேறு தொழிலுக்குத் திருடப்படாமல் தடுக்கவும் போட்டது. மதுரைக்காரர்கள் பூசிய புண்ணாக்கின் அளவு வேறு. மூட்டையை நம்பாமல், மடையை அடைத்துத் திறக்கும் முறையை மாற்றினால் இன்றைக்கும் பலன் உண்டு. அதற்கு மண்வெட்டி போதும்.